அறிதலுக்கும் நம்புதலுக்கும் ஓர் அலகு: உயர்தர அளவையியல் பாடத்திட்டத்தை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். இலங்கையின் க.பொ.த. உயர்தர வகுப்புகளில் ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்னும் பாடத்தைத் தமிழ்மொழி மூலம் கற்பித்துவரும் ஆசிரியர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். பாடத்திட்டம் அடுத்த முறை திருத்தப்படும்போது, முழு வாக்கியங்களின் இணைப்பை ஆராயும் எடுப்புத் தருக்கத்தையும், ‘எல்லா’, ‘சில’ என்பவற்றைக் கொண்டு வாக்கியத்தின் உள்ளமைப்பை ஆராயும் பயனிலைத் தருக்கத்தையும் அடுத்து, அறிதல், நம்புதல் என்பவற்றின் தருக்கத்துக்கென ஒரு சிறிய அலகைச் சேர்க்க வேண்டுமென்பதே என் வேண்டுகோள். எட்டுப் பாடவேளைகள் போதும். மாணவர் தலையில் ஏற்கெனவே உள்ள சுமை எனக்குத் தெரியாததன்று. ஆயினும் இந்த அலகு இல்லாதபடியால் அவர்கள் கற்ற மற்ற இரண்டு பகுதிகளும் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதே அவர்களுக்குத் தெரியாமற் போகிறது.

ஓர் எளிய வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘கமலா பரீட்சையில் சித்தியடைந்தாள் என்று அவளுடைய தாய் நம்புகிறார்.’ இதனைக் குறியீட்டாக்கும்படி கேட்டால், கெட்டிக்கார மாணவர் முழு வாக்கியத்துக்கும் ஒரே எழுத்தைச் சுருக்கத் திட்டத்தில், அதாவது எந்த எழுத்து எந்த வாக்கியத்தைக் குறிக்கும் என்னும் பட்டியலில், எழுதிவிட்டு நகர்வார். அவசரக்காரர் ‘நம்புகிறார்’ என்பதை விட்டுவிட்டு, கமலா சித்தியடைந்ததை மட்டும் எழுதுவார். இரண்டாமவர் செய்தது பிழை. முதலாமவர் செய்தது பிழையன்று. ஆனால் வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் இருப்பதை அவர் மறைத்துவிட்டார். ‘உம்’, ‘அல்லது’, ‘ஆயின்’ முதலிய, வாக்கியங்களை இணைக்கும் மாறிலிகளைப் போல ‘நம்புகிறார்’ என்பதற்கும், உறுப்பு வாக்கியம் உண்மையா பொய்யா என்பதிலிருந்து முழு வாக்கியத்தின் உண்மை பொய்யைக் கணிக்கும் உண்மை அட்டவணை வரைய முயன்றால் சிக்கல் வெளிப்படும். கமலா சித்தியடைந்தாள் என்பது உண்மை என வைத்தாலும் பொய் என வைத்தாலும் தாயின் நம்பிக்கையைப் பற்றி ஒன்றும் முடிவாகாது. அட்டவணையின் இறுதி நிரலில் எழுத எதுவும் இல்லை. பதின்மூன்றாம் வகுப்பு மாணவருக்கு இந்த வெற்று நிரலை ஒருமுறையேனும் காட்டாமல் அளவையியலை முடித்துவிடுகிறோம் என்பது எனக்கு நெடுநாளாக உறுத்தலாக இருந்து வருகிறது.

ஒரே பொருளுக்கு இரு பெயர்கள் இருந்தால் ஒன்றின் இடத்தில் மற்றதை வைக்கலாம் என்னும் சமன் பற்றிய விதியும் இவ்விடத்தில் தடுக்கி விழுகிறது. விடிவெள்ளியும் அந்தி வெள்ளியும் ஒரே கோள். எனினும் விடியலில் தெரிவது வெள்ளிக்கோள் என்று அறிந்த ஒருவர் அந்தியில் தெரிவதும் அதுவே என்று அறியாதிருக்கலாம். ஒன்றின் பெயரை மற்றதன் இடத்தில் வைத்தால் உண்மையான வாக்கியம் பொய்யாகிவிடுகிறது. ஜேர்மனியத் தருக்கவியலாளர் கொட்லொப் ஃபிரேகே 1892இல் வெளியிட்ட கட்டுரை சமன் பற்றிய இத்தகைய சிக்கலிலிருந்தே தொடங்கியது.

இதற்கு முறையான தருக்கம் ஒன்றை அமைத்துத் தந்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த யாக்கோ ஹின்ரிக்கா. அவருடைய ஆசிரியரான ஃபொன் ரைற் 1951இலேயே வழியைச் சுட்டியிருந்தார். 1962இல் வெளிவந்த ஹின்ரிக்காவின் நூல் அதனைத் துறையாக்கியது. அவருடைய கருத்தின் அழகு என்னவென்றால், மாணவர் ஏற்கெனவே கற்ற ‘எல்லா’ என்னும் அளவீட்டையே அது பயன்படுத்துகிறது. ஒருவர் ஒன்றை அறிகிறார் என்றால், அவர் அறிந்தவற்றோடு முரண்படாத எல்லா நிலைமைகளிலும் அது உண்மையாக இருக்கிறது என்று பொருள். அறியவில்லை என்றால், அத்தகைய நிலைமைகளுள் ஒன்றிலாவது அது பொய். அறியப்பட்டது உண்மையாக இருக்க வேண்டும் என்பது அறிதலுக்குரிய விதி. நம்புதலுக்கு அவ்விதி கிடையாது. ஒன்றையும் அதன் மறுப்பையும் சேர்த்து நம்பக்கூடாது என்பதோடு அது அமைந்துவிடும். ஒன்றை அறிபவர், தாம் அதை அறிவதையும் அறிவார் என்று ஹின்ரிக்கா ஏற்றார். அறியாதவர், தாம் அறியாததை அறிவார் என்பதை அவர் ஏற்கவில்லை. பின்வந்த கணினி விஞ்ஞானிகள் பலர் அதையும் ஏற்றுக்கொண்டு வேலை செய்கிறார்கள். இவ்விடயத்தில் என் சார்பு ஹின்ரிக்காவோடுதான். தமக்குத் தெரியாது என்பதே தெரியாமல் விடையெழுதும் விடைத்தாள்களைத் திருத்தியவர் எவரும் இரண்டாவது விதியை எளிதில் ஏற்கமாட்டார்.

இந்த அலகு பயனிலைத் தருக்கத்துக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ‘நகையை யாரோ திருடியிருக்கிறார் என்று பொலிசாருக்குத் தெரியும்’ என்பதும், ‘நகையைத் திருடியவர் இன்னார் என்று பொலிசாருக்குத் தெரியும்’ என்பதும் ஒன்றல்ல என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் சொல்லும். முதலாவதில் ‘சில’ என்னும் அளவீடு அறிதலுக்கு உள்ளே நிற்கிறது: பொலிசார் எண்ணிப் பார்க்கும் ஒவ்வொரு நிலைமையிலும் திருடர் ஒருவர் உண்டு, ஆனால் நிலைமைக்கு நிலைமை ஆள் மாறலாம். இரண்டாவதில் அளவீடு வெளியே வந்துவிடுகிறது: ஒரே ஆள், எல்லா நிலைமைகளிலும். ‘ஒவ்வொருவரும் யாரோ ஒருவரை நேசிக்கிறார்’, ‘யாரோ ஒருவரை ஒவ்வொருவரும் நேசிக்கிறார்’ என்னும் சோடியில் அளவீடுகளின் வரிசை மாறும்போது ஏன் பொருள் மாறுகிறது என்று விளங்காமல் மனனம் செய்யும் மாணவருக்குப் பொலிசாரின் இவ்விரு வாக்கியங்கள் உடனே பிடிபடுகின்றன.

இனி, இந்த அலகில் மாணவர் மறக்கமாட்டார்கள் என்று நான் கருதும் பகுதிக்கு வருகிறேன். நிலா, ரிஷான், குமரன் என மூவரை வகுப்பின் முன்னால் நிறுத்தி, நிலாவுக்கும் ரிஷானுக்கும் மட்டும் நெற்றியில் கரிப்பொட்டு இடுங்கள். ஒவ்வொருவரும் மற்ற இருவரின் நெற்றியைப் பார்க்கலாம், தம் நெற்றியைப் பார்க்க முடியாது, பேசவும் கூடாது. ‘உங்களில் ஒருவருக்காவது பொட்டு இருக்கிறது’ என்று உரக்கச் சொல்லிவிட்டு, ‘தம் நெற்றியில் பொட்டு உண்டா இல்லையா என்று அறிந்தவர் கையை உயர்த்துக’ எனக் கேளுங்கள். ஒரு கையும் உயராது. அதே கேள்வியை மறுபடி கேளுங்கள். நிலாவும் ரிஷானும் கையை உயர்த்துவார்கள். நிலாவின் நியாயம் இது: ‘என் நெற்றியில் பொட்டு இல்லையென்றால், ரிஷான் தன் முன்னால் பொட்டே கண்டிருக்கமாட்டான், முதற்கேள்விக்கே அவன் கை உயர்ந்திருக்கும். உயரவில்லை. ஆகவே எனக்கும் பொட்டு உண்டு.’ ரிஷானும் அவ்வாறே எண்ணுகிறான். மாணவர் கற்கும் நேரில் முறைப் பெறுகையேதான் இது. எடுகோளை வைத்து முரண்பாட்டுக்கு வருவதை நிலா நின்ற இடத்தில் நின்றபடியே செய்துவிடுகிறாள்.

ஆனால் உண்மையான வினா இதற்குப் பின்னால்தான் இருக்கிறது. ஒருவருக்காவது பொட்டு உண்டு என்பது ஆசிரியர் வாய் திறக்கும் முன்னரே மூவருக்கும் தெரியும். ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு பொட்டையாவது கண்ணால் கண்டிருக்கிறார். எல்லாருக்கும் தெரிந்ததைச் சொன்ன ஆசிரியர் புதிதாக என்ன சொல்லிவிட்டார்? அவர் அதைச் சொல்லாதிருந்தால், எத்தனை முறை கேட்டாலும் எவர் கையும் உயராது. விடை ஒரு படி உள்ளே இருக்கிறது. நிலாவுக்குத் தெரியும்; ஆனால் ரிஷானுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது, ஏனெனில் தன் நெற்றி வெறுமையானால் ரிஷான் எதையும் கண்டிருக்கமாட்டான். பலர் முன்னிலையில் உரக்கச் சொல்லப்பட்டதும், எல்லாருக்கும் தெரியும் என்பதும் எல்லாருக்கும் தெரியும், அதுவும் எல்லாருக்கும் தெரியும் என்று முடிவின்றி அடுக்கப்பட்ட பொது அறிவாக அது மாறிவிடுகிறது. மெய்யியலாளர் டேவிட் லூயிஸ் 1969இல் மொழி முதலான சமூக வழக்காறுகளை விளக்கவும், பொருளியலாளர் றொபேட் ஓமன் 1976இல் ஆட்கள் முரண்பட்ட கருத்துகளோடு தொடர்வது எப்போது இயலாது என்று நிறுவவும் இக்கருத்தையே கையாண்டனர். வழியில் தொலைந்துபோகக்கூடிய செய்திகளை எத்தனை தடவை பரிமாறினாலும் இரு கணினிகளுக்கிடையே பொது அறிவு உண்டாகாது என்பதை கணினி விஞ்ஞானிகளான ஹால்பேர்ண், மோசஸ் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவியுள்ளனர்.

முறையின் குறைகளையும் மாணவருக்கு மறைக்கக்கூடாது. ஹின்ரிக்காவின் விதிகளின்படி ஒருவர் எடுகோள்களை அறிந்தால் அவற்றிலிருந்து பெறக்கூடிய எல்லா முடிவுகளையும் அறிந்தவராகிவிடுகிறார். அப்படியானால் பெறுகை முறைப் பகுதிக்கு வினாத்தாளே வேண்டியதில்லை, விதிகளைப் படித்த அன்றே எல்லாருக்கும் முழுப் புள்ளி கொடுத்துவிடலாம். மொழியும் சூத்திரத்துக்குள் முழுதாக அடங்குவதில்லை. ‘மழை பெய்தது அவனுக்குத் தெரியாது’ என்றால், மழை பெய்தது என்பதைக் கேட்பவர் எடுத்துக்கொண்டே விடுகிறார். அறிதலை வெறுமனே மறுக்கும் சூத்திரத்திலோ மழை பெய்ததாகவும் இல்லை, பெய்யாததாகவும் இல்லை.

நமக்கு நம்முடைய அளவை மரபே இருக்கிறதே, ஃபின்லாந்துக்குப் போவானேன் என்று குழுவில் எவரேனும் கேட்கக்கூடும். மணிமேகலையில் அளவைவாதி அறிவு வரும் வழிகளைக் காட்சி, கருதல் முதலாக அடுக்கிச் செல்கிறான்; இந்த மரத்தில் பேய் உண்டு என்று ஊர் சொல்வதைக் கொண்டு தெளிவதையும் ஐதிகம் என்று அவற்றுள் ஒன்றாக வைக்கிறான். அது கற்பிக்கப்பட வேண்டியதே. ஆனால் அங்கே கேட்கப்படுவது அறிவு எவ்வழியே வருகிறது என்பது. இங்கே கேட்கப்படுவது, ஒருவர் இதை அறிகிறார் என்றால் அதிலிருந்து வேறு என்ன பெறப்படும் என்பது. ஒன்று மற்றதன் இடத்தை நிரப்பாது. மெய்யியலாளர் கெட்டியர் 1963இல் மூன்று பக்கங்களில் எழுப்பிய வினாவையும், அதாவது நியாயப்படுத்தப்பட்ட உண்மை நம்பிக்கை அறிவாகுமா என்பதையும், இந்த அலகில் சேர்க்க வேண்டாமென்றே கேட்டுக்கொள்வேன். அது அறிவாராய்ச்சியியலுக்கு உரியது. இங்கே நுழைந்தால் எட்டுப் பாடவேளைகளையும் அதுவே தின்றுவிடும்.

பரீட்சையில் இதை எவ்வாறு சோதிப்பது என்ற தயக்கம் வேண்டியதில்லை. ‘மழை பெய்கிறது, ஆனால் மழை பெய்கிறதென நான் நம்பவில்லை’ என்பது, மெய்யியலாளர் ஜி. ஈ. மூர் சுட்டிக்காட்டியபடி, கேட்பதற்கு விபரீதமானது. எனினும் முரண்பாடன்று, நான் வீட்டுக்குள் உறங்கும்போது அது உண்மையாகவே இருக்கலாம். அதை நானே நம்புவதுதான் இயலாதது. இரு கூற்றுகளின் இணைப்பை நம்புபவர் அதன் இரு உறுப்புகளையும் நம்புகிறார். ஒன்றை நம்புபவர், தாம் அதை நம்புவதையும் நம்புகிறார். ஒன்றையும் அதன் மறுப்பையும் எவரும் சேர்த்து நம்பார். இம்மூன்று விதிகளையும் வினாத்தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்து, முரண்பாட்டைப் பெறும்படி கேட்கலாம். மழை பெய்கிறதென நம்புவதாக நம்புகிறேன் என்பது ஒரு வரி, நம்பவில்லையென நம்புகிறேன் என்பது இன்னொரு வரி. இவ்விரண்டும் ஒருங்கே வந்ததும் பெறுகை முடிந்துவிடும். வரிக்கு ஒரு புள்ளியும் விதியின் பெயருக்கு ஒரு புள்ளியும் என இப்போதுள்ள முறையிலேயே திருத்தலாம்.

இங்ஙனம்,
உயர்தர அளவையியல் ஆசிரியர் ஒருவர்