பிலிம் ரோல் விலை ஏன் ஏறுகிறது: ராயபுரத்திலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"போன தடவை இந்த விலை இல்லையே அண்ணா" என்று கேட்பவர்களில் பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தைப் படம் பிடித்துவிட்டு நேரே கடைக்கு வருகிறவர்கள். கைக்காசைச் சேர்த்து ரோல் வாங்கும் அவர்களுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும்.

பிலிம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். ஆனால் கேட்ட வேகத்துக்குச் செய்து தர ஆலைகள் இல்லை. வெள்ளி உப்பை ஜெலட்டினில் கலந்து, அகலமான பிளாஸ்டிக் சுருளின் மேல் மெல்லிய அடுக்குகளாகப் பூச வேண்டும். கலர் பிலிமில் பத்துக்கு மேல் அடுக்கு வரும். பூச்சு வேலை முழுக்கக் கும்மிருட்டில். டிஜிட்டல் வந்தபின் இந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பா காலத்தில் நாங்கள் விற்ற 'இந்து' பிலிம், ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் செய்தது. அதுவும் இன்று இல்லை; எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அமெரிக்காவின் கோடாக் 2012-இல் திவால் மனு போட்டது, எக்டாக்ரோம் என்ற கலர் ஸ்லைடு பிலிமையும் நிறுத்தியது. 2018-இல் அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்புறம் ஆர்டர்கள் குவிய, ராச்செஸ்டர் ஊரில் இருக்கும் அவர்கள் ஆலைக்கு நூற்றுக்கணக்கில் புது ஆட்களை எடுத்துப் பழக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் எந்திரங்களைப் புதுப்பிக்கச் சில வாரம் உற்பத்தியே நின்றது. இந்தச் செலவெல்லாம் ரோல் விலையில்தான் வந்து விழுகிறது. வெள்ளி விலையைச் சௌகார்பேட்டையில் கேட்டுப் பாருங்கள், புரியும். பிலிம் வெளிநாட்டிலிருந்து வருவதால், ரூபாய் இறங்கினாலும் நமக்கு அடிதான்.

சரி, கடை விஷயத்துக்கு வருகிறேன். கழுவும் கட்டணமும் ஸ்கேன் கட்டணமும் ஏறவில்லை. 100 அடி கறுப்பு வெள்ளை பிலிமை டப்பாவாக வாங்கி, இருட்டறையில் நாங்களே 36 படக் கேசட்டுகளில் சுற்றித் தருகிறோம். ஒரு டப்பாவுக்குச் சுமார் 18 ரோல் வரும் என்பதால் விலை குறைவு. கழுவியபின் கேசட்டை எங்களிடமே விட்டுவிடுங்கள். கேசட்டில் பிலிம் வேகத்தை, அதாவது பிலிமுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்பதை, கேமராவுக்குச் சொல்லும் கோடுகள் இருக்காது. கேமராவில் நீங்களே வேகத்தை 400 (ISO) என்று வைக்க வேண்டும். தானாக வேகத்தைப் படிக்கும் சின்ன கேமராக்களுக்கு இது ஒத்துவராது.

விலை ஏறுகிறதே என்று ரோல்களை வாங்கி பீரோவில் அடுக்காதீர்கள். நம் ஊர் வெயிலும் கடற்காற்று ஈரமும் பிலிமைக் கெடுத்துவிடும். பிரிட்ஜில் டப்பாவோடு வையுங்கள். வெளியே எடுத்து ஒரு மணி நேரமாவது கழித்துத் திறங்கள்.

பழைய விலைக்கு வாங்கிய கலர் ரோல்கள் தீரும்வரை பழைய விலைதான். எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பதால் ஆளுக்கு இரண்டு.

அன்புடன்,
கடை உரிமையாளர்