கான்பரா பறவை நோக்கர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. தாவரவியல் பூங்கா நடை நடந்தது. பொங்கல் சுற்றுலா மழையால் தள்ளிப்போய், அப்படியே நின்றுவிட்டது.

இனி காங்-காங் காக்கட்டூ என்ற கொண்டைக் கிளியின் கணக்கெடுப்பு. நான் முன்மொழிந்தது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இது நம் தலைநகர்ப் பிரதேசத்தின் சின்னப் பறவை. 2022-இல் அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்தது. ஆண், பெண் பிரித்துப் பதிய வேண்டும் என்றேன். "தலை சிவப்பென்றால் ஆண், சாம்பல் என்றால் பெண். இதற்கு ஏன் தனிப் படிவம்?" என்றார் ஒரு மூத்த உறுப்பினர். இளம் ஆணுக்கு முன்நெற்றியிலும் கொண்டையிலும்தான் சிவப்பு. முழுத் தலையும் சிவக்கச் சில ஆண்டுகள் ஆகும். அவரே கொடுத்த தாளில், "நெற்றியில் லேசான சிவப்பு" என்று எழுதி, பக்கத்தில் "பெண்" என்று குறித்திருக்கிறார். தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வெள்ளைக் காக்கட்டூவில் இந்த வசதியும் கிடையாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே வெள்ளை, அதே மஞ்சள் கொண்டை. கண்ணைத்தான் பார்க்க வேண்டும்: ஆணுக்குக் கருமை, பெண்ணுக்குச் செம்பழுப்பு.

செப்டம்பரில் ரெட் ஹில் காலை நடைக்குப் பத்துப் பேர் பெயர் கொடுத்தார்கள். வந்தது நானும் பொருளாளரும். அவருடைய ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீ தீர்வதற்குள் ஒரு வெள்ளைக் காக்கட்டூ ஆண் கொண்டையை விரித்து, கிளை நெடுக நடந்து, தலையை ஆட்டி ஆட்டிக் காற்றில் 8 போட்டது. பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரப்பட்டையைக் கடித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கழுத்தைச் சாய்த்துக் கொடுத்தது, ஆண் கோதிவிட்டது. அடுத்த மரத்தில் ஒரு காங்-காங் ஜோடி, துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரு குரல் கொடுத்துவிட்டு, பொந்துக்குள் மாறி மாறி எட்டிப் பார்த்தது. தகவல் வரவில்லை என்று பிறகு சொன்ன எட்டுப் பேருக்கும் வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்திருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறையச் சரியாக இருக்கிறது, விவரம் பொருளாளரிடம். சந்தா நிலுவையைப் பற்றி எழுத வேண்டாம் என்றார் தலைவர். எழுதவில்லை. படிவம் அச்சடித்த பணம் என் கையிலிருந்து போனது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

கூடம் தந்தவர்களுக்கும் வடை அனுப்பிய குடும்பத்துக்கும் நன்றி.

அடுத்த செப்டம்பரில் உறைபனியில் நிற்க நாலு பேர் கிடைத்தால் போதும். செயலாளர் பொறுப்பை யார் ஏற்றாலும் படிவக்கட்டை அன்றே ஒப்படைப்பேன். பைனாகுலர் என் சொந்தம்.