கையெழுத்து மட்டும் போட்டா போதுமாம்!

அன்புள்ள ஆடிட்டரம்மாவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான். சின்னவளுக்கு இன்னும் வரன் அமையல, அமைஞ்சா முதல் தாக்கல் உனக்குத்தான். தாளடி நடவு முடிஞ்சது. குறுவை நெல்லை ஒருவழியா கொள்முதல் நிலையத்துல எடுத்துக்கிட்டாங்க. முதல்ல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருக்கு, எடுக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. காய வைக்கலாம்னா மழை. படுதாவைப் போட்டு மூடறதும் திறக்கறதுமா பட்ட பாட்டை நேர்ல சொல்றேன். பச்சை டிபன் பாக்ஸ்காரியைக் கும்பகோணத்துல பார்த்தேன். அதே நடை, அதே குடை!

விஷயத்துக்கு வர்றேன். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல்ல நிக்கிறதா முடிவு பண்ணிட்டேன்.

என்ன, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிட்டு மறுபடி படிக்கிறியா? சரியாத்தான் படிச்சிருக்க.

2019 டிசம்பர்ல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோட முடிஞ்சு, நிர்வாகம் தனி அலுவலர் கைக்குப் போனது உனக்குத் தெரியும். அடுத்த தடவை எங்க ஊர் பெண்களுக்கு ஒதுக்கீடாகும்னு ஒரு பேச்சு கிளம்பினதுதான் தாமதம், தெருவுல பெரிய தலைங்க நாலு பேர் வெத்தலை பாக்கு, பழத்தோட வந்துட்டாங்க. திண்ணையில உட்கார்ந்து மோர் குடிச்சாங்க. பேச்செல்லாம் இவர்கிட்டதான். நிறுத்தப்போறது என்னை, நானும் அங்கேயே நிலைப்படியில நிக்கிறேன், ஒருத்தரும் என் பக்கம் திரும்பல. எழுந்து செருப்பு மாட்டறப்போ ஒருத்தர் மட்டும் திரும்பி, "நீங்க ஒண்ணுத்துக்கும் அலைய வேண்டாம்மா. கையெழுத்து மட்டும் போட்டா போதும், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்"னார்.

"எதுல கையெழுத்து?"ன்னு கேட்டேன்.

நாலு பேரும் இவர் முகத்தைப் பார்த்தாங்க. இவர் மோர்ச் செம்பைப் பார்த்தார்.

அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. கோபம்கூட இல்லடி. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தினவளை, அந்த ஊர்ப் பிள்ளைங்களுக்கே கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தவளை, அந்தக் கையெழுத்துக்கு மட்டும் கூப்பிடறாங்களேன்னு ஒரு வேதனை.

அதே வாரம் அக்கா மகள் லீவுக்கு வந்தா. "பெரிம்மா மூஞ்சி சரியில்லை, சிரிக்கிற படமா ஒண்ணு போடறேன்"னு டிவியில 'டேவ்'னு ஒரு அமெரிக்கப் படத்தைப் போட்டா. 1993-ல வந்தது. கெவின் க்ளைனுக்கு ரெட்டை வேஷம். கொஞ்ச நேரத்துலேயே, "அட, இது நம்ம நாடோடி மன்னன் இல்ல!"ன்னு சொல்லிட்டேன். டென்ட் கொட்டகையில மணலைக் குவிச்சு உட்கார்ந்து பார்த்தோமே, நீ பி.எஸ். வீரப்பா சிரிச்சப்போ என் தாவணிக்குள்ள மூஞ்சியை ஒளிச்சுக்கிட்டியே, அதேதான். அங்கே மார்த்தாண்டன் இடத்துல வீராங்கன், இங்கே அமெரிக்க அதிபர் இடத்துல டேவ்.

டேவ் வாஷிங்டன்ல சின்னதா ஒரு ஏஜென்சி வச்சு, வேலை இல்லாதவங்களுக்கு வேலை பிடிச்சுக் கொடுக்கிறவன். அதிபர் ஜாடை அப்படியே இருக்கும். ஒரு விழா முடிஞ்சு வெளியே போறப்போ அதிபருக்குப் பதிலா நீ நடந்து போய்க் கையை மட்டும் ஆட்டுன்னு கூட்டிட்டுப் போறாங்க. அன்னிக்கே நிஜ அதிபர் பக்கவாதத்துல நினைவு தப்பி விழுந்துடறார். அவருக்கு எல்லாமுமா இருக்கிற பாப் அலெக்ஸாண்டர் அதை வெளியே விடாம மூடி மறைச்சு, டேவையே நாற்காலியில உட்கார வச்சிடறான். துணை அதிபரை ஊழல்ல மாட்டிவிட்டு, அந்த இடத்துக்கு வந்து, அப்படியே அதிபராயிடணும்ங்கிறது அவன் திட்டம். டேவ் சிரிக்கணும், கை ஆட்டணும், எழுதிக் கொடுத்ததைப் படிக்கணும். மத்ததை அவங்க பார்த்துக்குவாங்க!

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரு. எங்க திண்ணையில மோர் குடிச்சவங்க கோட்டு சூட்டோட வெள்ளை மாளிகையில நிக்கிறாங்க.

இனிமே சொல்றதை நிதானமா படி. இதுக்காகத்தான் இந்தக் கடிதமே.

வீடில்லாத பிள்ளைங்க தங்கற இடத்துக்கான திட்டத்தை அலெக்ஸாண்டர் ரத்து பண்ணிடறான். டேவ் போய் சண்டை போடறான். "பட்ஜெட்ல 65 கோடி டாலரை வேற எங்கேயாவது வெட்டிக் காட்டு, உன் திட்டத்தை நீயே வச்சுக்க"ங்கறான் இவன். முடியாதுங்கிற தைரியம். டேவுக்குக் கணக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா அவனுக்கு ஒரு கூட்டாளி இருக்கான், மர்ரேன்னு, சாதாரண வரிக்கணக்கு எழுதறவன். அவனை ராத்திரியோட ராத்திரியா வெள்ளை மாளிகைக்கு வரவழைச்சு, சாப்பாட்டை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நாட்டோட கணக்கைப் பிரிச்சுப் படிக்கிறாங்க. இந்த லட்சணத்துல என் ஆபீஸை நடத்தினா என்னிக்கோ இழுத்து மூடியிருப்பேன்னு மர்ரே அலுத்துக்கிறான் பாரு, அங்கே நான் கை தட்டிட்டேன். சார்ல்ஸ் க்ரோடின்னு ஒரு நடிகர். மூஞ்சியைப் பார்த்தா, ட்ரெஷரியில பில்லைத் திருப்பி அனுப்பறப்போ நீ வச்சுக்குவியே, அதே மூஞ்சி.

அப்புறம் அமைச்சரவைக் கூட்டம். டேவ் ஒவ்வொரு அமைச்சரையா கேட்டுக்கிட்டே வர்றான். ஒரு துறையில 4 கோடியே 70 லட்சம் டாலர் விளம்பரச் செலவு. எதுக்காம்? ஏற்கனவே உள்நாட்டுக் கார் வாங்கினவங்களுக்கு, வாங்கினது நல்ல கார்தான்னு நம்பிக்கை வர்றதுக்காம்! இருக்க இடமில்லாத ஒரு குழந்தைகிட்ட போய் இதைச் சொல்ல முடியுமான்னு கேட்கிறான். அமைச்சருக்கு வாய் அடைச்சுப் போகுது. இப்படியே வெட்டி வெட்டி 65 கோடியும் வந்துடுது.

அந்த மேஜையைச் சுத்தி உட்கார்ந்திருந்தவங்க யாரும் கொள்ளைக்காரங்க மாதிரி தெரியல. எதிர்ல இருந்த ஃபைலை முதல் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் யாரும் படிக்கல, அவ்வளவுதான். படம் முடிஞ்ச பிறகும் இதுதான் மனசுல ஓடிக்கிட்டே இருந்தது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-ன்னு வருஷத்துக்கு ஆறு கிராம சபை. நம்ம ஆளுங்க போனதும் தீர்மான நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறோம். தீர்மானம் பிறகு எழுதிக்குவாங்க. போன கிராம சபையில நான் வரவு செலவு தாளைக் கையில கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து படிச்சேன். தெருவிளக்கு மாத்தினதா கீழத் தெருவுக்கு மூணு தடவை செலவு எழுதியிருக்கு. கீழத் தெருவுல பொழுது சாஞ்சா டார்ச் இல்லாம நடக்க முடியாது. பிளீச்சிங் பவுடர் வாங்கியிருக்கிற கணக்கைப் பார்த்தா எங்க மேல்நிலைத் தொட்டி பூரா பவுடராவே நிறைஞ்சிருக்கணும். நான் சத்தமா வாசிச்சதும் நூறு நாள் வேலைக்குப் போற பொண்ணுங்க பின்னாடியிருந்து எழுந்து வந்து, "அப்புறம் என்ன எழுதியிருக்கு டீச்சர், படிங்க"ன்னு என்னைச் சுத்தி நின்னுட்டாங்க. அவங்கதான் என்னை நிக்கச் சொன்னாங்க. வெத்தலை பாக்கு இல்லாம.

படத்து மேல எனக்கு ஒரு குறையும் இருக்கு. டேவுக்கு எல்லாமே சுலபமா கிடைக்குது. அவன் யார்கிட்டயும் ஓட்டுக் கேட்கல, அதனால யாருக்கும் கடன்பட்டவன் இல்லை. காண்ட்ராக்டர் இல்லை, பங்காளி இல்லை, மேலத் தெரு கீழத் தெரு இல்லை. இங்கே நிக்கிறதுக்கு முன்னாடியே யார் பணத்துல நிக்கிறேன்னு கேட்கறாங்க. அந்த நாலு பேர் பணத்தை வாங்கிட்டா அப்புறம் நான் எந்த ஃபைலைப் படிச்சு என்ன பிரயோஜனம்? என் பென்ஷன்ல ஆகற செலவுதான், வீடு வீடா நடந்துதான். தோத்தாலும் பரவாயில்லைன்னு சும்மா சொல்ல மாட்டேன், ஜெயிக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கு.

பயமும் இருக்கு. பக்கத்து ஊர் ஒண்ணுல பார்த்தேன். தலைவி வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில, அவ வீட்டுக்காரர் உள்ளே தலைவர் நாற்காலியில. வர்றவங்க அவரைத்தான் "தலைவரே"ங்கறாங்க. பெண்களுக்கு 1996-லேருந்து மூணுல ஒரு பங்கு, 2016-ல கொண்டுவந்த திருத்தத்துல சரிபாதின்னு சட்டம் நாற்காலியைக் கொடுத்துடுச்சு. அதுல உட்கார்றதுக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு தேர்தல் ஜெயிக்க வேண்டியிருக்கு. இவர் ஒரு வாரம் பேசவே இல்லை. அப்புறம் ஒருநாள் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கிட்டே, "நின்னா நீயே நில்லு. நான் அந்த ஆபீஸ் படி ஏற மாட்டேன்"னார். அதைவிடப் பெரிய ஆதரவை எனக்கு யார் தர முடியும் சொல்லு! உள்ளே போய் ஒரு பாட்டம் அழுதுட்டுத்தான் வந்தேன்.

முடிவை இன்னும் சொல்லலையே. டேவ் காங்கிரஸ் கூட்டத்துல, அதான் அவங்க ஊர் பார்லிமென்ட்ல எழுந்து, நடந்த தப்பையெல்லாம் ஒத்துக்கிட்டு அலெக்ஸாண்டரை ஆதாரத்தோட மாட்டிவிட்டு, துணை அதிபர் குத்தமில்லாதவர்னு சொல்லிட்டு, மயங்கி விழுந்த மாதிரி நடிச்சு வெளியே வந்துடறான். அதிபர் நாற்காலியில உட்கார்ந்தவன் அதுக்கப்புறம் என்ன பண்றான் தெரியுமா? தன்னோட ஊர்ல நகர கவுன்சிலுக்கு நிக்கிறான். நம்ம கணக்குல வார்டு மெம்பர்னு வச்சுக்கோயேன். சொந்தப் பேர்ல, சொந்த மூஞ்சியில முதல் தடவையா ஓட்டுக் கேட்கப் போறான். எல்லாரும் அந்த பட்ஜெட் சீனைத்தான் புகழுவாங்க. எனக்கு இந்த இடம்தான் நெஞ்சுல நின்னுடுச்சு.

துணை அதிபரா வர்றவர் பென் கிங்ஸ்லி, நமக்குக் காந்தியா வந்தவரேதான். இங்கே செக்குல தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடணும். எனக்கு அப்படி ஒரு துணைத் தலைவர் வாய்ச்சா நீடாமங்கலம் சந்தானராமர் கோயிலுக்குப் பால் பாயசம் வேண்டிக்கிறேன்.

அது என் பாரம். உன் பாரம் வேற. எனக்கு ஒரு மர்ரே வேணும். நிதிக்குழு மானியம் வந்தா ஒரு பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்தான்னு கட்டுப்பட்ட நிதி, மீதி அடிப்படை நிதின்னு ஆரம்பிக்கறாங்க, எனக்கு அதுக்கு மேல புரியல. எந்தக் கணக்குலேருந்து எதை எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது, எந்த வவுச்சர்ல என்ன இல்லைன்னா திருப்பி அனுப்பணும், இதையெல்லாம் நீ எனக்குக் கத்துக் கொடுக்கணும். தேர்தல் அறிவிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னாடியே வா. மன்னை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போடு, நீடாமங்கலத்துல இவரை வண்டியோட நிக்கச் சொல்றேன். வரவு செலவு தாளோட நகலை இதோட வச்சிருக்கேன், பென்சிலால நான் போட்ட சுழியெல்லாம் சரியான்னு பாரு. பிளீச்சிங் பவுடர் ரெண்டாம் பக்கத்துல இருக்கு.

பதிலை வாட்ஸப்ல ஒரு கட்டைவிரலைப் போட்டு முடிச்சிடாதே, எழுது.

உன்,
டீச்சர்