முதல் அரை மணி நேரத்தை வகுப்பறைக்கே விடுங்கள்

தொடக்கக் கல்வி அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கைபேசிச் செயலியில் பிள்ளைகளின் வருகைப்பதிவு தாமதமானது ஏன் என்று ஓர் ஈராசிரியர் பள்ளியிடம் விளக்கம் கேட்கப்பட்டிருக்கிறது. அதே பள்ளியின் ஆய்வுக் குறிப்பில் 'வகுப்பறையில் ஒழுங்கு போதாது' என்றும் எழுதப்பட்டிருக்கிறது. இந்த இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை என்பதைச் சொல்லவே இந்த மடல். காலை முதல் அரை மணி நேரம் ஆசிரியர் கைபேசியைத் தொடத் தேவையில்லாதபடி செய்யுங்கள். எங்கள் கோரிக்கை இது ஒன்றுதான்.

60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டம் வகுத்த கணக்கு. எனவே ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஒருவர் கையில். அதிலும் பிள்ளைகளின் கற்றல் திறனுக்கேற்ப, கீழிருந்து மேலாக அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். மணி அடித்ததும் அந்த ஆசிரியர் என்ன செய்கிறார், பாருங்கள். அறைக்குள் சிக்னல் இல்லை. பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி வராண்டா ஓரத்தில் நிற்கிறார். செயலி சுற்றிக்கொண்டே இருக்கிறது. உள்ளே முதல் வகுப்புப் பிள்ளை பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறது. ஒருவன் பென்சிலை இன்னொருவன் பிடுங்குகிறான். நான்காவது நிமிடத்தில் சத்தம் ஏறுகிறது. ஆசிரியர் திரும்பி வந்து அதட்டுகிறார். அதட்டலில் தொடங்கிய வகுப்பை அன்று மதியம் வரை நிமிர்த்த முடியாது.

அந்த நேரத்தில் நடக்க வேண்டியது வேறு. ஆசிரியர் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் பார்க்க வேண்டும். யார் தூங்கவில்லை, யார் அழுதுவிட்டு வந்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். பை வைக்க ஒரே இடம். முந்தின நாள் மாலையே கீழ்மட்டக் கரும்பலகையில் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாக எழுதிவைத்த வேலை: மலருக்கு ஐந்து வரி வாசித்து இரண்டு கேள்வி, மொட்டுக்குச் சொல் அமைத்தல், அரும்புக்கு எழுத்து அட்டைகள். உள்ளே நுழைந்த பிள்ளைக்கு உடனே கையில் வேலை இருந்தால் சண்டைக்கு நேரமில்லை. மலர் நிலை தானாக வேலை செய்யும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் ஆசிரியர் அரும்போடு தரையில் உட்காரலாம்.

வருகைப்பதிவை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தாங்களே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் முறை வந்த நாளிலிருந்தே பிள்ளைகள் தங்கள் வருகையைத் தாங்களே குறித்துப் பழகியவர்கள்தானே? 'வீடு' என்ற பையிலிருந்து தன் பெயரட்டையை எடுத்துப் 'பள்ளி' என்ற பைக்கு ஒவ்வொருவரும் மாற்றினால், மிஞ்சிய அட்டைகள்தான் வராதவர்கள். வந்தவர்கள் எத்தனை பேர் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை எண்ணிப் பலகையில் எழுதிவிடும். சத்துணவு அமைப்பாளருக்கும் அந்த எண்ணிக்கை போதும். செயலியில் ஏற்றுவதை இடைவேளையில் செய்யலாம்.

சத்தத்தின் மேல் சத்தம் போட்டால் சத்தம்தான் கூடும். கையை உயர்த்தி, கடைசிப் பிள்ளையும் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு மெதுவாகப் பேசினால் வகுப்பு கேட்கும். 'ஓடாதே' என்பதைவிட 'நடந்து போவோம்' என்று சொல்லி, ஜூன் மாதம் முதல் இரண்டு வாரம் தினமும் நடந்து காட்டிப் பழக்க வேண்டும். காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் மறுபடி பழக்க வேண்டும், ஏனென்றால் மறந்திருப்பார்கள். 'நல்ல பிள்ளை' என்பதைவிட 'அட்டைகளை அடுக்கி வைத்தாயே, நல்லது' என்பது பிள்ளையின் மனதில் நிற்கும். பட்ஜெட் தேவையில்லாத வேலைகள்தான் இவை. ஆனால் ஆசிரியரின் கண் பிள்ளைகள் மேல் இருந்தால்தான் இவற்றில் எதுவும் நடக்கும்.

கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு ஆசிரியர் கையிலிருந்து பிரம்பை எடுத்துவிட்டது. அது சரியே, திரும்பி வரவும் வேண்டாம். பிரம்பு போன இடத்தில் ஆசிரியருக்கு மிஞ்சியது கவனம் ஒன்றுதான். அதையும் செயலிக்குக் கொடுத்துவிட்டு ஒழுங்கை எதைக் கொண்டு உண்டாக்குவது? செயலி மட்டுமா? நிகழ்ச்சி நடந்தால் புகைப்படம், உறுதிமொழி எடுத்தால் புகைப்படம், அனுப்பிய படம் தெளிவாக இல்லையென்றால் மறுபடியும் புகைப்படம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு பணிக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது 27ஆம் பிரிவு. வகுப்பறைக்குள்ளேயே இருத்திக்கொண்டு வேறு பணி வாங்கினால் மட்டும் பிள்ளைக்கு இழப்பு குறையுமா?

ஆத்திரத்தில் எழுதியதாக எண்ண வேண்டாம். உங்களில் பலரும் கரும்பலகை முன் நின்றவர்கள். செயலியில் பதிவேற்றும் கெடுவை மதிய உணவு இடைவேளை வரை நீட்டி ஓர் ஆணை பிறப்பியுங்கள். அந்த முதல் அரை மணியில் தொலைபேசி அழைப்போ, அவசரப் புள்ளிவிவரக் கேட்போ வராது என்றும் அதில் எழுதுங்கள். ஆய்வுக்கு வருபவர்கள் அந்த நேரத்தில் வந்தால் பதிவேட்டைக் கேட்காமல், பிள்ளைகள் உள்ளே நுழைவதை வாசலில் நின்று பார்க்கட்டும். வரும் ஜூனில் பள்ளி திறக்கும் முன் இந்த ஆணை வந்தால், அந்த முதல் இரண்டு வாரமும் வீணாகாது. தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஈராசிரியர் பள்ளி ஆசிரியர்கள் சிலர்