கண்ணாடிக்கு மறுபுறம் இருந்தவர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பழமைவாத உரையாடல் வானொலி, அதாவது தொகுப்பாளர் அரசியல் பேசி நேயர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் நிகழ்ச்சிகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். ரஷ் லிம்பா முதல் ஷான் ஹானிட்டி வரை ஒலிவாங்கிக்கு முன்னால் அமர்ந்த தொகுப்பாளர்களைப் பற்றி விரிவாக எழுதிய கட்டுரையாளர், கண்ணாடித் தடுப்புக்கு மறுபுறம் அமர்ந்திருந்த தயாரிப்பாளரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. தொண்ணூறுகளில் அமெரிக்காவின் சிறிய ஏஎம் (மத்திய அலை) வானொலி நிலையம் ஒன்றில் ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் வேலை பார்த்தவன் என்ற முறையில், அந்த விடுபடல் எனக்கு உறுத்தலாக இருந்தது. 'சாமானிய மக்களின் குரல்' என்று கட்டுரை சொல்கிற அந்தக் குரல், தயாரிப்பாளர் என்ற ஒருவர் சம்மதித்த பிறகே காற்றில் ஏறியது.

சர்ச்சைக்குரிய விவகாரங்களில் மாற்றுக் கருத்துக்கும் இடம் தர வேண்டும் என்று 1949 முதல் இருந்துவந்த விதியை, அந்நாட்டு ஒலிபரப்புகளை ஒழுங்குபடுத்தும் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1987இல் கைவிட்டதே இந்த வகை வானொலியின் பிறப்புக்குக் காரணம் என்கிறது கட்டுரை. அது பாதி உண்மைதான். பாட்டெல்லாம் எஃப்எம் பக்கம் போய்விட, பகல் பொழுதை எதைக் கொண்டு நிரப்புவது என்று ஏஎம் நிலையங்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்த காலம் அது. 1988 ஆகஸ்டில் லிம்பாவின் நிகழ்ச்சி நியூயார்க்கிலிருந்து நாடு முழுவதற்கும் ஒலிபரப்பாகத் தொடங்கியபோது, அதைப் பணம் கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் நிலையங்களுக்கு இருக்கவில்லை. தங்கள் விளம்பர நேரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தாலே போதும். ஐம்பத்துச் சொச்சம் நிலையங்களில் தொடங்கிய நிகழ்ச்சி பிற்பாடு அறுநூறைத் தாண்டியது.

அந்த நிகழ்ச்சிக்கு விருந்தினர்கள் வருவது அபூர்வம். தினமும் மூன்று மணி நேரம் ஒரே மனிதர் பேசுவார். இடையில் கேட்கும் மற்றொரு குரல் நேயருடையது மட்டுமே. அந்த நேயரைத் தேர்ந்தெடுத்தவர், 'போ ஸ்னர்ட்லி' என்ற புனைபெயரால் அறியப்பட்ட ஜேம்ஸ் கோல்டன். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த நிகழ்ச்சியோடு இருந்தவர்; வெள்ளையர்களின் வானொலி என்று பலரும் முத்திரை குத்திய ஒரு நிகழ்ச்சியின் வாசற்கதவு ஒரு கறுப்பினத்தவரின் கையில் இருந்தது என்பதையும் கட்டுரை கண்டுகொள்ளவில்லை. நேயரின் அழைப்பு தன்னை நன்றாகக் காட்டுவதற்கே என்று லிம்பா ஒளிவுமறைவின்றிச் சொன்னவர். அப்படியானால், எந்த அழைப்பு அவரை நன்றாகக் காட்டும் என்று நொடியில் கணிக்கத் தெரிந்தவருக்கு அந்த வெற்றியில் எவ்வளவு பங்கு இருந்திருக்கும்!

எங்கள் சிறிய நிலையத்திலும் இதே வேலை சிறிய அளவில் நடந்தது. தொலைபேசியை எடுத்ததும் தயாரிப்பாளர் கேட்கும் கேள்விகள் எனக்கு இன்றும் மனப்பாடம்: எந்த ஊர், என்ன சொல்லப் போகிறீர்கள், அதை ஒரே வரியில் சொல்ல முடியுமா? முதல் பத்து விநாடிகளிலேயே அவர் முடிவு செய்துவிடுவார். காகிதத்தைப் பார்த்து வாசிக்கிறவர், இழுத்துப் பேசுகிறவர், நேற்றும் அழைத்தவர் ஆகியோருக்கு இடமில்லை. தேறியவரிடம், ஒலிபரப்பு சில விநாடிகள் தாமதமாக வரும் என்பதால் வானொலிப் பெட்டியின் சத்தத்தை அடக்கிவிடச் சொல்வார். பிறகு தொகுப்பாளரின் திரையில் பெயர், ஊர், விஷயம் என்று ஒரு வரி விழும். மாற்றுக்கட்சிக்காரர் அழைத்தால் வரிசையில் முன்னுக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அது நேர்மை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டதும் உண்டு. ஆனால் நிதானமாக, ஆதாரத்தோடு பேசக்கூடிய மாற்றுக்கட்சிக்காரர் நாற்பது நிமிடம் காத்திருந்துவிட்டு, 'தலைப்பு மாறிவிட்டது, மன்னியுங்கள்' என்ற பதிலோடு போனதையும், கோபத்தில் குரல் உயர்த்தியவர் உடனே காற்றில் ஏறியதையும் அதே மேசையில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். தயாரிப்பாளர் பொய் எதுவும் சொல்லவில்லை. தேர்ந்தெடுத்தார், அவ்வளவுதான்.

செவித்திறனை இழந்துவிட்டதாக 2001இல் லிம்பாவே நேயர்களிடம் அறிவித்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். அதன் பிறகு நேயர் பேசப் பேச ஒருவர் உடனுக்குடன் தட்டச்சு செய்ய, லிம்பா அதைத் திரையில் படித்தே பதில் சொன்னார். 1994 தேர்தலில் பழமைவாதிகளின் குடியரசுக் கட்சி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியபோது, புதிய உறுப்பினர்கள் லிம்பாவைத் தங்களில் ஒருவராகக் கௌரவித்ததைச் சொன்ன கட்டுரை, அந்த ஒற்றைக் குரலுக்குப் பின்னால் இருந்த இத்தகைய கைகளில் ஒன்றையாவது சொல்லியிருக்கலாம்.

இத்துறையில் ஏணி ஒன்று இருந்தது. பகுதிநேரமாகத் தொலைபேசி எடுக்க வந்தவர் அழைப்புகளை வடிகட்டுவார், தயாரிப்பாளராவார், திறமையிருந்தால் ஒரு நிலையத்தின் நிகழ்ச்சி இயக்குநராகவும் ஆவார். 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுவதும் வைத்திருக்கக்கூடிய நிலையங்களுக்கு இருந்த உச்சவரம்பை நீக்கியது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. செயற்கைக்கோள் வழியே ஒரே நிகழ்ச்சி எல்லா ஊருக்கும் போகும்போது ஊருக்கொரு தயாரிப்பாளர் எதற்கு? எங்கள் உள்ளூர் நிகழ்ச்சியும் அப்படித்தான் நின்றது. என் இடத்துக்கு ஒரு கணினி வந்தது. உள்ளூர்ப் பற்றையும் சிறு தொழிலையும் உயர்த்திப் பேசிய வானொலி, தன் சொந்த உள்ளூர் ஊழியர்களை இழந்தபோது அதைப் பற்றி அதிகம் பேசவில்லை என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

2021 பிப்ரவரியில் லிம்பா மறைந்தார். அதே ஆண்டில் கோல்டன் நியூயார்க்கின் டபிள்யூஏபிசி நிலையத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து அமர்ந்து, சொந்தமாக நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமாயின், அதில் அவரைப் போன்றவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் வானொலி ஊழியர் ஒருவர்