ஹாலிவுட் ஸ்டுடியோ நிர்வாகிகளுக்கு: நிறத்தை டி.ஐ. அறைக்குத் தள்ளிப்போடாதீர்கள்

படப்பிடிப்பு அட்டவணையையும் போஸ்ட் புரொடக்‌ஷன் பட்ஜெட்டையும் தீர்மானிக்கும் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2000-இல் வெளிவந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்துக்கு வேண்டியிருந்தது வறண்ட, புழுதி படிந்த நிலம். படப்பிடிப்போ கோடையில், பச்சைப்பசேலென்றிருந்த மிசிசிப்பியில். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீகின்ஸ் லேபின் ரசாயன முறைகளைச் சோதித்துப் பார்த்தார். இலைப்பச்சையை மட்டும் பிரித்து மாற்ற அவற்றால் ஆகவில்லை. அதனால்தான் படம் முழுவதையும் ஸ்கேன் செய்து, கணினியில் பச்சையை வைக்கோல் மஞ்சளாக்கினார்கள். என்ன நிறம் என்ற முடிவு முதலில் வந்தது, டி.ஐ. (எடுத்த படத்தைக் கணினியில் நிறம் திருத்தும் ‘டிஜிட்டல் இன்டர்மீடியட்’ கட்டம்) அதற்குப் பின்னால் வந்தது. இன்று உங்கள் பெரிய படங்கள் பலவற்றில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

படங்கள் சாம்பல் பூத்துக் கிடப்பதற்கு டிஜிட்டல் கேமராவைக் குறை சொல்கிறார்கள். அது சரியல்ல. பின்னால் நிறம் திருத்துவதற்கென்றே கேமரா பதியும் லாக் பதிவு வெளிறித்தான் இருக்கும். ஏறத்தாழ 14 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூடினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்) விவரத்தைச் சேமித்து வைக்கும் வடிவம் அது. கோளாறு ஒளியமைப்பில் தொடங்குகிறது. பின்னணி என்னவென்று முடிவாகாததால், நீலத்திரை முன் நிற்கும் முகத்துக்கு எதற்கும் பொருந்தட்டும் என்று மேலிருந்து மென்மையான ஒளியைப் பரப்புகிறார்கள். மாதக்கணக்கில் கழித்துப் பின்னணியில் மாலைச் சூரியன் வந்து சேர்கிறது. முகத்தில் அந்தச் சூரியன் இல்லை. நிறம் திருத்தும் கலரிஸ்ட் என்னதான் செய்வார்? பின்னணியின் கான்ட்ராஸ்டை இறக்கி முகத்தோடு ஒட்டவைப்பார். ஷாட் மொத்தமும் மங்கிவிடும். நிழலை ஆழமாக்க டி.ஐ.யில் வழியுண்டு. ஒளி வந்த திசையை அங்கே மாற்றுவது ஒட்டுவேலையாகவே நிற்கும்.

நிழலை நீலப்பச்சையாகவும் முகத்தை ஆரஞ்சாகவும் காட்டும் டீல்–ஆரஞ்சு பாணியும் இதே தள்ளிப்போடலின் பிள்ளைதான். மனிதத் தோல் எந்த நிறமானாலும், நிறத்தை அளந்து காட்டும் வெக்டர்ஸ்கோப்பில் ஆரஞ்சுப் பக்கம், ஏறத்தாழ ஒரே கோட்டையொட்டி விழும். ஷேடோவை எதிர்ப்பக்க நீலப்பச்சைக்குத் தள்ளினால் முகம் சட்டென எடுப்பாகும். ஆனால் தோலின் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, அதாவது கீ போட்டுப் பிரிக்கும்போது மரக்கதவு, மணல், செங்கல் எல்லாம் கூடவே சிக்குகின்றன. கன்னத்துச் சிவப்பும் நெற்றியின் மஞ்சளும் ஒரே சாயமாகி, முகம் மெழுகாகிறது.

எங்கள் கோரிக்கை, படப்பிடிப்புக்கு முன் குறைந்தது இரண்டு நாள் கேமரா சோதனை. அசல் உடை, அசல் ஒப்பனை, செட் சுவரின் பெயின்ட் அடித்த பலகை, செட்டில் எரியப்போகும் அதே எல்.இ.டி. விளக்குகள். (சில எல்.இ.டி.களில் ஆழ்சிவப்பு குறைவு. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தாலும் கேமராவில் தோல் உயிரிழந்து போகும்.) ஒவ்வொரு நடிகரின் முகத்தையும் இரண்டு ஸ்டாப் கூடுதலிலிருந்து மூன்று ஸ்டாப் குறைவு வரை எடுத்து, 48 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) திரையரங்கு ப்ரொஜெக்டரிலும் 100 நிட்ஸ் மானிட்டரிலும் கலரிஸ்டோடு உட்கார்ந்து பார்க்கட்டும். அங்கே உருவாகும், பதிவை எந்த நிறத்தில் காட்டுவது என்று சொல்லும் அட்டவணையான லட்தான் செட் மானிட்டர், டெய்லிஸ் (அன்றன்று எடுத்த காட்சிகள்), எடிட்டிங், வி.எஃப்.எக்ஸ். அனைத்துக்கும் போக வேண்டும்.

இருண்ட படமானால், ஒரு ஸ்டாப் இருட்டாகக் காட்டும் லட் போடச் சொல்லுங்கள். மானிட்டரைப் பார்த்து ஒளியமைக்கும்போது சென்சாருக்கு ஒரு ஸ்டாப் வெளிச்சம் தானாகவே கூடுதலாகக் கிடைத்துவிடும். நிழல் சுத்தமாக இருக்கும். குறைவாக எடுத்துவிட்டு டி.ஐ.யில் தூக்கினால் முதலில் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் கிளம்பும், அடுத்து நிழலுக்குள் இருந்த நிறம் போகும். ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ (2015) இரவுக் காட்சிகளைப் பட்டப்பகலில், இரண்டு ஸ்டாப் ஓவர் எக்ஸ்போஷரில் எடுத்து, கிரேடிங்கில், அதாவது நிறத்திருத்தத்தில், நீல இரவாக இறக்கினார்கள். இரவும் இருக்கிறது, முகங்களும் தெரிகின்றன. கேமராவை ஓட்டும் முன்பே முடிவெடுத்ததால் கிடைத்த பலன் அது.

வீட்டுத் திரைக்கான வடிவத்தையும் கவனியுங்கள். 1000 நிட்ஸ் மானிட்டரில், இருட்டறையில் கிரேட் செய்துவிட்டு சாதாரண டி.வி.க்கான எஸ்.டி.ஆர். பதிப்பை மென்பொருளின் தானியங்கி மாற்றத்துக்கு விடாதீர்கள். ஒரு நிட்டுக்கும் கீழே செதுக்கிய முகம், விளக்கெரியும் வரவேற்பறையில் வெறும் கறுப்பு. அந்தப் பதிப்பை ஷாட் ஷாட்டாகத் தனியே ட்ரிம் செய்ய, அதாவது சரிக்கட்ட, நாள் ஒதுக்குங்கள். அந்த நாட்களில் ஒளிப்பதிவாளர் உடனிருப்பதையும் அதற்கான ஊதியத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அடுத்த படத்துக்குப் போய்விட்டவரிடம் தொலைபேசியில் கேட்டு முடிக்கிற வேலையல்ல இது.

இப்படிக்கு,
ஒளிப்பதிவும் வண்ணத் திருத்தமும் கற்ற தமிழ் ரசிகர்கள்