மிதவைகளைச் சுரண்டிக் காயவைத்தே அனுப்புவது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கரை ஒதுங்கிய பழைய மிதவைகளையும் கயிறுகளையும் அலங்காரப் பொருள்களாக்கி விற்கிறோம். "ஒட்டியிருக்கும் சிப்பியோடு அப்படியே அனுப்பக்கூடாதா, அதுதானே அழகு?" என்று பலர் கேட்கிறீர்கள். அழகுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் சுரண்டாமல் அனுப்ப மாட்டோம். ஒட்டிவரும் உயிர்கள் புதிய இடத்தில் பரவித் தொல்லை தரலாம் என்பதுதான் காரணம்.

கடலில் எது மிதந்தாலும் அதில் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வாழும், ஓடுள்ள சிறு உயிர்), மட்டி, பாசி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். முன்பு அவை ஏறிப்போக மரக்கட்டையும் பிய்ந்து வந்த கடற்பாசியும் மிதக்கும் எரிமலைக் கல்லும்தான் இருந்தன. மரத்தைப் புழு அரித்துவிடும், பாசி அழுகிவிடும். பிளாஸ்டிக்கோ பல ஆண்டு தாங்கும். அதற்குள் ஏறியவை வளர்ந்து, குஞ்சும் பொரித்துவிடலாம். மிதவை நீரோட்டத்தோடு மெல்லத்தான் நகரும். அதனால் நீரின் வெப்பம் மாற மாற அவற்றுக்குப் பழகிக்கொள்ள அவகாசமும் கிடைக்கிறது.

2011 மார்ச்சில் ஜப்பானைச் சுனாமி தாக்கியதல்லவா? அது பெயர்த்துக்கொண்டு போன மிதக்கும் படகுத்துறை ஒன்று, சுமார் 20 மீட்டர் நீளம், 2012 ஜூனில் அமெரிக்காவின் ஓரிகன் கரையில் ஒதுங்கியது. அதில் நூறுக்கு மேற்பட்ட இனங்கள் உயிரோடு இருந்தன. வேறு நாடுகளில் பரவித் தொல்லை தரும் வாகாமே பாசியும் அவற்றில் ஒன்று. எல்லாவற்றையும் சுரண்டி அலை எட்டாத மணலில் புதைத்து, துறையைத் தீயால் வாட்டினார்கள். மறு ஆண்டு வாஷிங்டன் மாநிலக் கரை சேர்ந்த சிறுபடகில் ஐந்து ஜப்பானிய மீன்களே உயிரோடு வந்தன! 2017 வரை இப்படி வந்த சுனாமிப் பொருள்களில் 289 இனங்களைக் கணக்கெடுத்தார்கள். அவை அங்கே நிலைத்துவிட்டதாக அப்போது தெரியவில்லை. ஆனால் ஆறு ஆண்டு கழித்தும் உயிரோடு வந்தது சாதாரண விஷயமில்லை.

நீங்கள் கண்டெடுத்ததை எங்களுக்கு அனுப்புவதானால், கடலில் அலசவோ, வேண்டாமென்று திரும்ப வீசவோ வேண்டாம். தண்ணீரிலிருந்து தள்ளிவைத்துச் சுரண்டி, கழிவை உலர்ந்த குப்பையில் போடுங்கள். நாற்றம் அடிக்கும், வேறு வழியில்லை. அறியாத உயிர்கள் அப்பிய பெரிய பொருள் என்றால் படம் எடுத்து, மீன்வளத் துறைக்குச் சொல்லிவிட்டுத் தொடுங்கள்.

கயிறானால் முடிச்சுகளை அவிழ்த்துக் காயப்போடுங்கள், ஈரம் அங்கேதான் நிற்கும். வாங்கிய மிதவையில் வெள்ளை வளையங்கள் தெரிந்தால் அழுக்கென்று எண்ண வேண்டாம். கொட்டலசு ஒட்டியிருந்த தடம் அது, எவ்வளவு சுரண்டினாலும் போகாது.

அன்புடன்,
கடைக்காரர்கள்